வயதான சிங்கங்களும் இளங்கன்றுகளும்

மதுரை சிந்தாமணியில் புதிய கிரிக்கெட் மைதானம் ஒன்று எழுந்திருக்கிறது. 2025-ம் ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி அதைத் திறந்து வைத்தவர் மகேந்திர சிங் தோனி. அவரைக் காண ரசிகர்கள் திரண்டனர்.

அன்று தோனிக்கு வயது 44. நம் வீடுகளில் அந்த வயதுக்காரர்கள் மகளுக்குக் கல்லூரி தேடிக்கொண்டிருப்பார்கள். தோனியோ அப்போதும் ஆட்டத்தை விடவில்லை.

"தோனி எப்போது ஓய்வு பெறுவார்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பெரியவர்கள் போனபின் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைத் தாங்கப் போகிறவர்கள் யார்?

அப்பாமார் படை

சென்னை அணி ஐந்து தடவை கோப்பை வென்றது. 2010, 2011, 2018, 2021, 2023 ஆகியவை அந்த ஆண்டுகள்.

இரண்டு ஆண்டுத் தடைக்குப் பின் 2018-ல் அணி திரும்பி வந்தது. அப்போது "இது அப்பாமார் படை" என்று பலர் கேலி செய்தார்கள். தோனிக்கும் வாட்சனுக்கும் வயது 36. ஹர்பஜனுக்கு 37. இம்ரான் தாஹிருக்கோ 39!

கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். இறுதிப் பந்தயத்தில் வாட்சன் 57 பந்தில் 117 ரன் குவித்தார். கோப்பை சென்னைக்கு வந்தது. 20 ஓவர் ஆட்டம் வாலிபர் ஆட்டம்தான். ஆனால் நெருக்கடியில் கை நடுங்காமல் நிற்க அனுபவம் வேண்டும். அதை அந்தப் படை காட்டியது.

ஆபத்தும் அங்கேதான் தொடங்கியது. வென்ற மருந்தையே மறுபடி மறுபடி கொடுத்தார்கள். 2020-ல் அந்த மருந்து பலிக்கவில்லை. முதல் தடவையாக அணி அடுத்த சுற்றுக்குப் போகாமல் நின்றது. மறு ஆண்டே கோப்பை கிடைத்ததால் எச்சரிக்கை மறந்து போயிற்று.

ஏலத்தில் வந்த வினை

2024 நவம்பரில் பெரிய ஏலம் நடந்தது. சென்னை அணி 38 வயது அஸ்வினை ரூ.9 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது. அவர் நம் ஊர் வீரர், மகா கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. அதே ஏலத்தில் ராஜஸ்தான் அணி 13 வயதுச் சிறுவன் வைபவ் சூர்யவன்சியை ரூ.1 கோடியே 10 லட்சத்துக்கு எடுத்தது.

பலன் என்ன? 2025 ஏப்ரலில் அந்தச் சிறுவன் 35 பந்தில் சதம் அடித்தான். அப்போது அவனுக்கு வயது 14. சென்னை அணியோ 14 ஆட்டத்தில் நான்கில்தான் வென்றது. வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கடைசி இடம்! சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 9 விக்கெட்டுக்கு 103 ரன்தான் எடுக்க முடிந்தது. அஸ்வின் அந்த ஆகஸ்டிலேயே ஐ.பி.எல். பந்தயங்களுக்கு விடை கொடுத்தார்.

நடவும் நாற்றும்

மதுரைப் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள். வைகையில் தண்ணீர் வந்தபின் அவர் நாற்றைத் தேடி ஓடமாட்டார். விளைச்சல் நன்றாக இருக்கும்போதே அடுத்த போகத்துக்கு விதை ஒதுக்குவார். நாற்றங்காலில் நாற்று இல்லாவிட்டால் ஆற்றில் தண்ணீர் வந்து என்ன பயன்?

சென்னை அணி பாதிப் பருவத்தில்தான் விழித்துக்கொண்டது. ருதுராஜ் கெய்க்வாட் முழங்கையில் காயம் பட்டு விலகினார். அந்த இடத்துக்கு மும்பையிலிருந்து 17 வயது ஆயுஷ் மாத்ரே வந்தான். முதல் ஆட்டத்தில் 15 பந்தில் 32 ரன். பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 ரன்!

தென்னாப்பிரிக்காவின் பிரேவிஸ், குஜராத்தின் உர்வில் பட்டேல் ஆகியோரும் வந்தார்கள். கடைசி ஆட்டத்தில் சென்னை 230 ரன் எடுத்து, குஜராத்தை 83 ரன்னில் வென்றது. இளங்கன்று பயமறியாது என்பது சரிதான். ஆனால் கன்றுகளைக் களத்தில் இறக்கியபோது கோப்பை கைநழுவிவிட்டது.

பிரியாவிடை

2025 நவம்பரில் இன்னொரு அதிர்ச்சி வந்தது. ரவீந்திர ஜடேஜா ராஜஸ்தானுக்கு மாற்றப்பட்டார். அவரோடு சாம் கரனும் போனார். பதிலுக்கு சஞ்சு சாம்சன் வந்தார்.

2023 இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தவர் இதே ஜடேஜாதான். அவரைப் போகவிடலாமா என்று ரசிகர்கள் மனம் நொந்தார்கள். அந்த வருத்தம் நியாயமானதே.

ஆனால் அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைப் பாருங்கள். பாஸ்டன் செல்டிக்ஸ் என்பது அங்கே புகழ்பெற்ற கூடைப்பந்து அணி. 2008-ல் அந்த அணி பட்டம் வெல்லக் கார்னெட், பியர்ஸ் என்ற இரு வீரர்கள் தூண்களாக இருந்தார்கள். 2013-ல் அணி அவர்களை புரூக்ளினுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு, வரும் ஆண்டுகளில் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கியது. அந்த உரிமையால் பிரவுன், டேட்டம் என்ற இரு வாலிபர்கள் வந்தார்கள். 2024-ல் பாஸ்டன் மீண்டும் பட்டம் வென்றது.

இதற்குப் பதினோரு ஆண்டுகள் பிடித்தன என்பதைக் கவனியுங்கள்! பழைய வீரர்களையும் பாஸ்டன் மறந்துவிடவில்லை. அவர்கள் அணிந்த சட்டை எண்களை இனி யாருக்கும் தருவதில்லை என்று கௌரவித்தது. பிரிவதும் மரியாதை செய்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மதுரைக்கு என்ன?

2025 டிசம்பர் ஏலத்தில் சென்னை அணி இரண்டு இளைஞர்களுக்காகப் பணத்தை அள்ளி இறைத்தது. உத்தரப்பிரதேசத்தின் பிரசாந்த் வீருக்கு வயது 20. ராஜஸ்தானின் கார்த்திக் சர்மாவுக்கு 19. ஆளுக்கு ரூ.14 கோடியே 20 லட்சம். பாதை மாறிவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். ஆனால் இருவரில் ஒருவரும் தமிழ்நாட்டார் அல்லர்.

நம் ஊரில் ஆளில்லையா? 2018-ல் மதுரை பாந்தர்ஸ் அணி தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. அந்த அணியில் சுழற்பந்து வீசிக் கலக்கியவர் வருண் சக்கரவர்த்தி. அந்த ஆண்டு ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை ரூ.8 கோடியே 40 லட்சம் கொடுத்துத் தூக்கிச் சென்றது. அப்போது அவருக்கு வயது 27. பின்னர் இந்தியாவுக்காக ஆடி, 2025 சாம்பியன்ஸ் கோப்பை வெற்றியில் பங்கு பெற்றார். நாற்று நம் வயலில் முளைத்தது. அறுவடை வேறு ஊர்க்காரருக்கு!

சிந்தாமணி மைதானம் பெரிய ஆட்டங்களை வேடிக்கை பார்க்கும் இடமாக மட்டும் நின்றுவிடக் கூடாது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பையன்களும் பெண்களும் அங்கே தினமும் பந்து போட இடம் வேண்டும். நல்ல பயிற்சியாளர் வேண்டும். ஊர் திரும்ப பஸ்ஸும் வேண்டும்.

தோனியைப் போன்ற ஒருவரைக் காசு கொடுத்து வாங்கிவிட முடியாது. சென்னை அணிக்குத் தலைவராக வந்தபோது அவரும் 26 வயது வாலிபர்தான். ஆளை அடையாளம் கண்டார்கள். நம்பிப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையை அடுத்த பையன்மீதும் வைக்க வேண்டும். அணி வென்றுகொண்டிருக்கும்போதே வைக்க வேண்டும்.