அவர் தைத்தால் குலத்தொழில், நாம் தைத்தால் கைவினை

தோழர் ஒருவர் மலையேற்றப் பிரியர். காட்டில் சுள்ளி சீவவும் கயிறு அறுக்கவும் நாலு அங்குலக் கத்தி ஒன்று வைத்திருக்கிறார். அதோடு வந்த பிளாஸ்டிக் உறை உடைந்துபோனதால், தோலில் தானே ஒன்று செய்துவிடுவது என்று இறங்கினார். யூடியூப் பார்த்துத் தோல், மெழுகு நூல், ஊசி எல்லாம் வாங்கினார். தோலை இரண்டாக மடித்து ஓரத்தைத் தைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது பயணத்திலேயே கத்தி நூலை அறுத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. தொடை தப்பியது அதிர்ஷ்டம்.

அதை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வெளியே செருப்புத் தைக்கும் அண்ணனிடம் போனார். வாங்கித் திருப்பிப் பார்த்த நொடியில் அவர் சொன்னது இது: "நடுவுல ஒரு பட்டை வெச்சுத் தைக்கணும் தம்பி. இல்லேன்னா கூர் நேரா நூல்மேலதான் உக்காரும். அறுக்காம என்ன செய்யும்?"

விஷயம் அவ்வளவுதான். இரண்டு தோலுக்கும் நடுவே, கத்தியின் கூர் வரும் பக்கம், கெட்டியான தோல் பட்டை ஒன்றை வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். கூர் பட்டையில் உரசும், நூலுக்கு வராது. தையலும் ஒற்றை ஊசித் தையல் அல்ல. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் வாங்க வேண்டும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். தோலும் பட்டை போட்டுப் பதனிட்ட தோலாக இருந்தால் நல்லது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பதனிட்டார்களே, அந்த வகை. அதை நனைத்து, நெகிழித்தாளில் சுற்றிய கத்தியை உள்ளே விட்டு, விரலால் அழுத்திக் காயவிட்டால் கத்தியின் உருவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். இன்று பெருவாரியாக வரும் குரோமியத் தோல் துவளும், இப்படி நிற்காது.

அண்ணன் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். கூலி முப்பது ரூபாய். தோழர் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். லைக்குகள் குவிந்தன. 'எனக்கும் ஒன்று செய்து தாருங்கள், ஆயிரத்து ஐந்நூறு தருகிறேன்' என்று ஒருவர் செய்தி அனுப்பினார். இதைச் சொல்லும்போது தோழருக்கே கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். அவர் வீட்டில் உறை தைக்க உட்கார்ந்ததும் அம்மா, "தோலையெல்லாம் எதுக்குடா வீட்டுக்குள்ள கொண்டாறே, மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போ" என்றாராம். அந்த அம்மாவின் கைப்பை தோல். அப்பாவின் பெல்ட் தோல். கூடத்து சோபாவும் தோல்தான். வாங்கினால் தீட்டு இல்லை, தைத்தால் தீட்டு. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கிவைப்பது என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார். அதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் ஒரு சோபாவைத் தவிர வேறென்ன வேண்டும்?

பின்லாந்தில் பூக்கோ என்ற சிறு கத்தியும் அதன் தோல் உறையும் தேசப் பெருமிதம். தைத்தவர் எந்தப் பிறப்பு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஜப்பானில் கேட்டார்கள். தோல் வேலை செய்த புராக்குமின் மக்களை ஒதுக்கிவைத்தார்கள். 1871-இல் சட்டப்படி ஒழித்த பிறகும் திருமணத்திலும் வேலையிலும் அந்த ஒதுக்கல் நீடித்தது. நம் ஊரில் கேட்பதோடு நிற்பதில்லை. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாகச் செத்த மாடுகளைக் கொண்டுபோய் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தில் போட்டார்கள் அம்மக்கள். உங்கள் தாயை நீங்களே அடக்கம் செய்துகொள்ளுங்கள் என்று பொருள்.

ஆக, படித்த நகரத்துப் பிள்ளைகள் தோலைக் கையில் எடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். எடுக்கட்டும். மொட்டை மாடியில் அல்ல, சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து தைக்கட்டும். ஆனால் அதே வேலை பேருந்து நிலையத்தில் முப்பது ரூபாய்க்கும் இன்ஸ்டாகிராமில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் போகிறதே, நடுவில் இருக்கும் ஆயிரத்து நானூற்று எழுபது ரூபாய்க்குப் பெயர் என்ன? திறமை என்று சொல்லாதீர்கள். பட்டை வைக்கச் சொன்னது யார் என்று நமக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு குழி இருக்கிறது. 'பாரம்பரியக் கலை அழிகிறது, அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் அதைக் கைவிடக் கூடாது' என்று உருகும் குரல்கள் உடனே வரும். அந்தக் குழியில் நாம் ஒருமுறை விழவைக்கப்பட்டோம். 1953-இல் ராஜாஜி பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்றார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அடித்தார். 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். 2023-இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. 18 தொழில்கள், அதில் செருப்புத் தைப்பதும் ஒன்று. பதினெட்டு வயதிலேயே சேரலாம். கல்லூரிக்குப் போக வேண்டிய வயது அது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கு, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கு என்று தமிழ்நாடு கேட்டது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை, தமிழ்நாடும் அத்திட்டத்தை ஏற்கவில்லை.

தோழர் அந்த அண்ணனிடம், "உங்க பையனுக்கு இந்த வேலை தெரியுமாண்ணே?" என்று கேட்டிருக்கிறார். "அவன் நர்சிங் படிக்கிறான். இந்தப் பக்கம் வந்தான்னா காலை உடைச்சிருவேன்" என்றாராம். அழியட்டும் என்று அவர் சொல்லவில்லை. என் பிள்ளை தலையில் இனியும் கட்டாதே என்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

தோல் வேலையை 'பசுமை', 'இயற்கை' என்று விற்கும் கடைகளுக்கும் ஒரு சொல். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகள் பாலாற்றை என்ன செய்தன என்பது 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகிவிட்டது. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். உங்கள் பையில் தொங்கும் அட்டையில் அவர்கள் பெயர் இருக்காது.

தோழர் அந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காரரின் எண்ணை அண்ணனிடமே கொடுத்துவிட்டார். வேலை அண்ணனுடையது, காசும் அவருடையது. தனக்கு இரட்டை ஊசித் தையல் கற்றுத்தரச் சொல்லியும் கேட்டார். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வாங்க, ஒரு நாளைக்கு எண்ணூறு" என்றிருக்கிறார். பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டு மூன்று வாரமாகப் போய்வருகிறார். வீட்டில் அம்மா இன்னும் மொட்டை மாடியைத்தான் காட்டுகிறார்.