இது என்ன ஜாதி நாய் சார்?

சேலையூர் ஏரிப் பக்கம் காலையில நாயைக் கூட்டிக்கிட்டு நடந்து பாருங்க. எதிர்ல வர்றவங்க கேக்குற முதல் கேள்வி "கடிக்குமா?" இல்லை, "என்ன ஜாதி?" தான். "தெரு நாய்தாங்க, குட்டியில எடுத்து வளர்க்கிறோம்"னு சொன்னா ஒரு முகம் மாறும் பாருங்க... பொண்ணு பார்க்க வந்த இடத்துல வேற ஆளுங்கன்னு தெரிஞ்சா மாறுமே, அதே முகம்.

காசு குடுத்து வாங்குற நாய்க்கு நம்ம பாஷையில பேரே "ஜாதி நாய்". வெள்ளைக்காரன் இன்னும் ஒரு படி மேல. பறையர்ங்கிற பேரை இங்கேருந்து எடுத்துட்டுப் போய், ஒதுக்கப்பட்டவன்னு அர்த்தம் குடுத்து, அதை நம்ம தெரு நாய்க்கும் மாட்டி "பரையா டாக்"னு எழுதி வெச்சான். மனுஷனையும் கேவலப்படுத்தியாச்சு, நாயையும் கேவலப்படுத்தியாச்சு. 2020 ஆகஸ்ட்ல மன் கி பாத்ல பிரதமர் நாட்டு நாய்களை வளருங்கன்னு சொன்னப்போ ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு நம்ம ஊர்ப் பேரா வரவும் எல்லாரும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டோம். அந்த லிஸ்ட்லயும் தெரு நாய் இல்லை, கவனிச்சீங்களா?

சரி, விஷயத்துக்கு வரேன். என் சண்டை ஜாதி நாய் வாங்குறவங்களோட இல்லை. (சைபீரியா ஹஸ்கியைப் பெருங்களத்தூர் வெயில்ல கட்டிப் போடுறவங்களுக்குத் தனியா ஒரு நாள் இருக்கு.) "நாங்களும் தெரு நாயை எடுத்துத்தான் வளர்க்கிறோம்"னு பெருமையா சொல்லிக்கிற குடும்பங்களோடதான் சண்டை.

எப்படி வளர்க்கிறாங்க? பேரு மணி. கேட்டுக்கு வெளியே ஒரு சட்டி, அதுல மிச்சம் மீதி தயிர் சோறு. ராத்திரி சம்பளமில்லாத வாட்ச்மேன் வேலை. மழை வந்தா யார் கார் அடியிலயாவது படுத்துக்கணும். ரேபிஸ் ஊசி? "தெருவுல இருக்கிறதுக்கு எதுக்குங்க?" கருத்தடை ஆபரேஷன்? "ஐயோ பாவம், இயற்கைக்கு விரோதம்ல?" மணி பொட்டையா இருந்தா வருஷத்துக்கு ரெண்டு தடவை கூட குட்டி போடும், ஒவ்வொரு தடவையும் நாலு, அஞ்சு, ஆறு. ஆண் குட்டியை யாராவது கேட்டு வாங்கிட்டுப் போயிடுவாங்க. பொட்டைக் குட்டிங்க சாக்குப் பையில ஏறி வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டோரம் போய்ச் சேரும். பைக்ல வந்து இறக்கி வெச்சுட்டு நிதானமா கர்ச்சீஃப்ல கை துடைச்சுக்கிட்டுப் போன ஆளை நானே பார்த்திருக்கேன். பொட்டைன்னா வேண்டாம்ங்கிற வியாதி நமக்கு நாய் வரைக்கும் வந்துடுச்சு.

இதே மணி பக்கத்துத் தெருக் குழந்தையைக் கடிச்சா? "அது எங்க நாய் இல்லீங்களே, சும்மா சோறுதான் போடுவோம்!"

இந்தப் பாதி வளர்ப்புதான் ஆபத்து. ஊசி போடாத நாய் கடிச்சு ரேபிஸ் அறிகுறி வந்துட்டா, ஆளைக் காப்பாத்த மருந்து கிடையாது. நீங்க போட்ட தயிர் சோறு அங்க கணக்குல வராது.

சென்னை மாநகராட்சி கணக்குப்படி 2018ல 57 ஆயிரத்துச் சொச்சம் தெரு நாய். 2024ல சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். அதுல கருத்தடை ஆனது நூத்துக்கு 27 மாதிரி. தாம்பரம் 2021லேருந்து தனி மாநகராட்சி, அதனால இந்தக் கணக்குல நாம வரலை. ஆனா பல்லாவரத்துல நாய்க்குப் பாஸ்போர்ட் செக்கிங் எதுவும் இல்லீங்களே.

"எல்லாத்தையும் கொன்னுடணும் சார்"னு டீக்கடையில வீரம் பேசுறவங்களுக்கு ஒண்ணு. மெட்ராஸ்ல அதைப் பல வருஷம் செஞ்சு பார்த்தாங்க, கரண்ட் வெச்சுக் கூட. நாய் குறையலை. ப்ளூ கிராஸ் 1964லயே கருத்தடைதான் வழின்னு ஆரம்பிச்சும், மாநகராட்சி அதைக் கையில எடுக்க 1996 ஆச்சு. ஒரு ஏரியாவுல பத்துக்கு ஏழு நாய்க்காவது ஆபரேஷன் ஆனாதான் பலன் தெரியும்னு சொல்றாங்க. நாம இன்னும் மூணைக் கூடத் தொடலை.

2025 ஆகஸ்ட் 22ல சுப்ரீம் கோர்ட் தெரு நாய் உத்தரவைத் திருத்தினப்போ எல்லாரும் ஷெல்டரா, தெருவா, சோறு எங்க போடுறதுன்னே சண்டை போட்டாங்க. அதே உத்தரவுல இன்னொண்ணும் இருக்கு. தெரு நாயை எடுத்து வளர்க்க விரும்புறவங்க மாநகராட்சியில விண்ணப்பம் பண்ணலாம். ஆனா அது மறுபடியும் தெருவுக்கு வராம பார்த்துக்கிறது எடுத்தவங்க பொறுப்பு. வளர்ப்புன்னா இதுதாங்க! கேட்டுக்கு உள்ளே.

"தெரு நாய் வீட்டுக்குள்ள பழகாது"ன்னு ஒரு கதை சொல்வாங்க. எங்க வீட்டு பொம்மி ஒரு ஐப்பசி மழையில கிடைச்ச பொட்டைக் குட்டி. முதல் நாள் தங்கமணி "ராத்திரி மட்டும்தான், காலையில கொண்டு போய் விட்டுடணும்"னு சொன்னாங்க. மூணே வாரத்துல வெளிய போகணும்னா கதவைச் சுரண்டக் கத்துக்கிச்சு. இப்போ சோஃபாவுல எனக்குத்தான் இடம் இல்லை :)

ஆனா அசோசியேஷன் மீட்டிங்ல பொம்மிக்குத் தனி அஜெண்டா போட்டாங்க. மூணாவது மாடி லாப்ரடார் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. செக்ரட்டரி சார் ரொம்ப நாசூக்கா, "தப்பா நினைக்காதீங்க, ஜாதி நாயா இருந்தா யாரும் கேக்கப் போறதில்லை..." செல்லப் பிராணி வளர்க்க அசோசியேஷன் தடை போட முடியாதுன்னு விலங்கு நல வாரியம் 2015லயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. பிரிண்ட் எடுத்து மேசையில வெச்சேன், கூடவே பொம்மியோட ஊசி அட்டையையும். அதோட அடுத்த அயிட்டம் வாட்டர் டேங்க். ஒண்ணு கேட்டிருக்கலாம்: 2024 மே மாசம் ஆயிரம் விளக்கு பார்க்ல 5 வயசுக் குழந்தையைக் குதறின ரெண்டு ராட்வைலரும் என்ன ஜாதியாம்? தேய்பிறை அஷ்டமிக்கு பைரவருக்கு வடைமாலை சாத்திட்டு, வீட்டு வாசல்ல படுத்திருக்கிற அவரோட வாகனத்து மேல வெந்நீர் ஊத்துற ஆளும் அந்த மீட்டிங்ல கை தூக்கினார், அது வேற கதை.

சாக்குப் பை பார்ட்டிகளுக்கும் சட்டம் இருக்கு. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி வளர்த்த மிருகத்தைக் கைவிடுறது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலேருந்து 50 ரூபாய் வரைக்கும். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். ஆட்டோவுல ஏறி உக்கார்ந்தாலே அதுக்கு மேல ஆகும்.

உங்க வாசல் மணிக்குக் காதுல வெட்டு அடையாளம் இருக்கான்னு இன்னிக்குப் பாருங்க. இல்லைன்னா இன்னும் ஆபரேஷன் ஆகலைன்னு அர்த்தம். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியோ, பக்கத்துல இருக்கிற நாய் டாக்டரோ, கூட்டிட்டுப் போங்க. குட்டியா எடுக்கிறீங்கன்னா மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்ற கணக்குல வருஷா வருஷம். கிடைச்சது பொட்டைக் குட்டியா? அதையே எடுங்க. ஆபரேஷன் பண்ணிட்டு பத்து நாள் தையலை நக்காம பார்த்துக்கணும், அவ்வளவுதான்.