டிக்கெட் உள்ள சதுப்பும் டிக்கெட் இல்லாத சதுப்பும்

கொழும்பில் ஒரு நாள் சும்மா சுத்திப் பார்க்க இடம் தேடினால், ஃபோனில் வாற லிஸ்ட் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். காலிமுகத்திடல், விகாரமகாதேவி பூங்கா, பெத்தகான சதுப்புநிலப் பூங்கா, தலவத்துகொட தியசரு பூங்கா, தியவன்னா ஓயாக் கரையின் நடைபாதை. பத்து இடம், பத்துப் படம், ஒவ்வொன்றுக்கும் ரெண்டு வரி. நகரத்தின் இரைச்சலில் இருந்து தப்பிக்கலாம் என்ற வசனம் எங்கயாவது ஒரு மூலையில் கட்டாயம் இருக்கும்.

இந்த லிஸ்டுகளில் எனக்குக் கோபம் இருக்கு. அதில் வாற இடங்கள் கூடாது என்றதால இல்லை. பெத்தகானவின் மரப்பாலத்தில் காலையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது உண்மையிலேயே நல்ல இடம். என்ர கோபம் லிஸ்ட் சொல்லாமல் விடுற விசயத்தில். கொழும்பின் சதுப்பு நிலம் பெத்தகானவோட முடியிறேல்ல. நகரத்துக்குள்ளயும் அதைச் சுத்தியும் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் சதுப்பு இருக்கு. அதில் வேலி அடிச்சு, பாதை போட்டு, டிக்கெட் குடுக்கிற துண்டுகள் மிகச் சின்னன். அந்தத் துண்டுகளுக்கு நாங்கள் வச்சிருக்கிற பெயர் "இயற்கை". மிச்சத்துக்கு வச்சிருக்கிற பெயர் "சும்மா கிடக்கிற காணி". இந்த ரெண்டு பெயரும்தான் எந்தச் சதுப்பு வாழும், எந்தச் சதுப்பு குப்பையாகும் என்று தீர்மானிக்குது.

பெத்தகானவில் இருந்து நேர்கோட்டில் அளந்தால் ஆறு கிலோமீற்றருக்குள் இன்னொரு சதுப்பு இருக்கு. கொலன்னாவச் சதுப்பு. அதில்தான் மீதொட்டமுல்ல. பேரைச் சொன்னாலே உங்களுக்கு ஞாபகம் வரும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, அங்க மலையாகக் குவிஞ்சிருந்த கொழும்புக் குப்பை சரிஞ்சு வீடுகளுக்கு மேல் விழுந்தது. 32 பேர் செத்தார்கள். அந்தச் சனம் அதுக்கு முதல் பல வருசமாக வீதியில் இறங்கிக் கத்தினது. குப்பை கொட்ட வேணாம், இது ஒரு நாள் விழும் என்று சொன்னது. கேட்க ஆள் இருக்கேல்ல.

அடுத்த வருசம், 2018 ஒக்டோபரில், டுபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில் கொழும்புக்கு "சதுப்புநில நகரம்" என்ற அங்கீகாரம் கிடைச்சது. உலகத்தில் முதல் தடவையாக அந்தப் பட்டத்தை வாங்கின 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. சதுப்பில் குவிச்ச குப்பை 32 பேரைக் கொன்று ஒன்றரை வருசம்தான் ஆகியிருந்தது. பட்டம் குடுத்தது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டத்தைக் கொண்டாடின எத்தனை பேர் மீதொட்டமுல்லவும் அதே சதுப்புத்தான் என்று நினைச்சிருப்பார்கள்?

இதை விளங்கிக்கொள்ள, சதுப்பு என்ன வேலை செய்யுது என்று முதலில் பார்க்க வேணும். மழை பெய்யேக்க தண்ணியை வாங்கி வச்சு, மெதுவாகக் கால்வாய்களுக்கும் களனி கங்கைக்கும் விடுறது சதுப்பு. வெயிலில் அந்த நீர் ஆவியாகிறதால சுத்தியுள்ள இடமும் குளிருது. மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இந்த நகரத்துக்குள்ள இன்னும் உயிரோட இருக்கிறதுக்குக் காரணமும் அதுதான். ஒரு காலத்தில் கோட்டே இராசதானிக்கு அரணாக நின்றதும் இதே சதுப்புகள். அப்படிப்பட்ட நிலத்தை மண் போட்டு நிரப்புறதுக்கு எங்கட அரசு நிர்வாகம் பாவிச்சு வந்த சொல் "காணி மீட்பு". யாரிடம் இருந்து மீட்கிறது? தண்ணியிடம் இருந்தாம்.

அப்படித் தோண்டியும் நிரப்பியும் செய்த தீவில்தான் 1982இல் பாராளுமன்றம் திறந்தது. 2010 நவம்பரில் பெய்த மழையில் அந்தப் பாராளுமன்றமே வெள்ளத்துக்குள் போனது. அதுக்குப் பிறகுதான் மேலிடத்துக்குச் சதுப்பின் அருமை தெரிஞ்சது. 2012இல் உலக வங்கியிடம் 213 மில்லியன் டொலர் கடன் எடுத்துக் கொழும்பு மாநகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கிச்சு. வெள்ளத்தைத் தடுக்கிறது அதன் முக்கிய நோக்கம். பெத்தகானப் பூங்கா அந்தத் திட்டத்தின் பிள்ளை. அதாவது, நாங்கள் டிக்கெட் எடுத்துப் பறவை பார்க்கிற இடம், அடிப்படையில் வெள்ளத் தடுப்பு. அதை ஒரு லிஸ்டும் சொல்லாது. சொன்னால், அடுத்த கேள்வி வந்திடும்: அப்ப கொலன்னாவக்கு ஏன் அந்தக் கவனிப்பு இல்லை? 2016 மே மாதம் களனி கங்கை பெருகேக்க கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் கூரை மட்டும் தெரியத் தண்ணிக்குள் நின்ற படங்களைப் பார்த்தோமே?

பதில் கஷ்டமில்லை. பத்தரமுல்ல, ராஜகிரிய, நாவலப் பக்கம் சதுப்புக் கரை என்றால் காணி விலை ஏறும், அப்பார்ட்மென்ட் விளம்பரத்தில் "சதுப்பைப் பார்த்தபடி பல்கனி" என்று போடலாம். கொலன்னாவயில் சதுப்புக் கரையில் இருக்கிறது சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று எல்லா இனத்திலும் காசில்லாத சனம். அங்க சதுப்பு என்றால் நுளம்பு, நாற்றம், வெள்ளம்.

சரி, நானும் ஒரு சுற்றுலா லிஸ்ட் தாறன். இது கொழும்புக் குப்பையின் சுற்றுலா. முதல் இடம் வடகொழும்பில் புளூமெண்டல். 2009இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு அங்க குப்பை கொட்டுறதை நிறுத்தினது. இரண்டாம் இடம் மீதொட்டமுல்ல, 2017இல் அது சரியும் வரை. மூன்றாம் இடம் கெரவலப்பிட்டி, முத்துராஜவெலச் சதுப்பின் ஓரம். நான்காம் இடம் புத்தளத்தில் அறுவக்காடு, வில்பத்துக் காட்டுக்குப் பக்கத்தில். "கொழும்புக் குப்பை எங்களுக்கு வேணாம்" என்று புத்தளத்துச் சனம் மாசக்கணக்காகப் போராடினது. அதில் பெரும்பகுதி தமிழ் பேசுற முஸ்லிம் மக்கள். எங்கட தமிழ்ப் பக்கங்களில் அந்தப் போராட்டத்துக்குக் கிடைச்ச இடத்தை விட, கொழும்பில் எங்க நல்ல சன்செட் பார்க்கலாம் என்ற பதிவுக்குக் கிடைச்ச இடம் கூட.

இதுக்கு ரெண்டு மறுப்பு வரும், தெரியும்.

ஒன்று: "பூங்கா ஆக்கினதாலதானே அந்தச் சதுப்பாவது தப்பிச்சது?" உண்மைதான். வேலி போட்டால் மண் லொறி வராது. ஆனால் வேலியும் டிக்கெட்டும் இருந்தால்தான் ஒரு நிலம் தப்பும் என்றால், அது நிலத்தின் குணமில்லை, எங்கட பார்வையின் குணம். நாலு பூங்காவைக் காட்டி, வெளியில் இருக்கிற மிச்சச் சதுப்பு துண்டு துண்டாக நிரப்பப்படுறதைக் கண்டும் காணாமல் விட அது உதவினால், அந்தப் பூங்கா ஒரு திரைச்சீலை வேலையும் செய்யுது.

மற்றது: "அங்க இருக்கிறவை அத்துமீறிக் குடியேறினவைதானே?" இந்தக் கதையைக் கம்பஸ் கன்ரீனிலயே கேட்கலாம். மீதொட்டமுல்லவில் குப்பை வருமுன்பே குடியிருந்த குடும்பங்கள் இருந்தன. குப்பைதான் அவர்களின் வாசலுக்கு அத்துமீறி வந்தது. மற்றது, சதுப்பில் கட்டினது குற்றம் என்றால் வழக்கைப் பாராளுமன்றத்தில் இருந்து தொடங்கலாம். ஏழை கட்டினால் ஆக்கிரமிப்பு, அரசு கட்டினால் அபிவிருத்தி என்ற கணக்கு எனக்கு விளங்கேல்ல.

அதுக்காக ஒருத்தரும் பெத்தகானக்குப் போகாதீங்க என்று சொல்லவில்லை. ஊரில் இருந்து படிக்க வந்து, போர்டிங் அறையில் ஒரு யன்னலோட இருக்கிற பிள்ளைகளுக்குப் பச்சை வேணும். போங்க. மீதொட்டமுல்லக்குப் போய் ஃபோட்டோ எடுங்க என்றும் சொல்லவில்லை. அந்தச் சனத்தின்ர துக்கம் எங்களுக்குக் காட்சி இல்லை. நான் கேட்கிறது எழுதுறவர்களிடமும் பகிர்றவர்களிடமும்தான். ஒரு இயற்கை இடத்தைப் பற்றிப் பதிவு போடேக்க மூன்று விசயத்தையும் சேர்த்து எழுதுங்க. இந்த நிலம் நகரத்துக்கு என்ன செய்யுது? இதோட சேர்ந்த மிச்ச நிலத்துக்கு என்ன நடந்தது? அதுக்குப் பக்கத்தில் யார் இருக்கினம்?

அப்படி எழுதினால் லிஸ்டும் மாறும். மட்டக்குளியில், களனி கங்கை கடலில் சேர்ற இடத்துக்குப் பக்கத்தில் காக்கைத்தீவுக் கடற்கரைப் பூங்கா இருக்கு. வடகொழும்புத் தமிழ்ச் சனம் பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போற இடம். கங்கை கொண்டுவாற பிளாஸ்ரிக் எல்லாம் அந்தக் கரையில்தான் ஒதுங்குது. பத்து அழகான இடங்களில் அதைக் காண ஏலாது, ஏனென்றால் படம் வடிவாக வராது. ஆனால் இந்த நகரம் தன்ர தண்ணியையும் குப்பையையும் சனத்தையும் எப்படி நடத்துது என்று ஒரே பார்வையில் தெரியிற கரை அது. அடுத்த லிஸ்டில் முதலாவதாக அதைப் போடுங்க.