கிழச் சேவலுக்கு ஒரு பாட்டில் ஒயின்

கோழிக்குஞ்சு வாங்குகிறவர்களுக்குத் தெரியும், பண்ணையில் அதிகம் கவலைப்பட வேண்டியது சேவலைப் பற்றித்தான். முட்டை போடாது. தீனி மட்டும் தவறாமல் தின்னும். மூன்று நான்கு வருடம் கூவி, கோழிகளை மேய்த்து முடித்த பிறகு அதை அறுத்தால், கறி நார் நாராக இருக்கும். ஒரு விசிலுக்கும் இரண்டு விசிலுக்கும் மசிகிற கறி இல்லை அது.

பிரான்ஸின் கிழக்கே பர்கண்டி என்ற திராட்சைத் தோட்டப் பகுதியில் இந்தச் சிக்கலுக்குக் கையில் இருந்ததை வைத்தே வழி கண்டார்கள். அங்கே வீட்டுக்கு வீடு இருந்தது சிவப்பு ஒயின். முதல் நாள் ராத்திரியே சேவல் கறியை ஒயினில் ஊறப்போட்டு, மறுநாள் கனமான பாத்திரத்தில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டார்கள். கடைசியில் காளானும் சின்ன வெங்காயமும் சேர்ந்தன. அதுதான் 'கோக் ஓ வேன்'. கோக் என்றால் சேவல், வேன் என்றால் ஒயின். அந்தக் கடைசி 'ன்' வாய்க்கு வராமல் மூக்கிலேயே நின்றுவிட வேண்டும், அப்போதுதான் பிரெஞ்சு.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதாகவே தோன்றாது. சேவல்கட்டில் தோற்ற சேவலைக் கோச்சை என்பார்கள். அந்தக் கோச்சைக்கறிக்கு இருக்கிற மவுசும், அதை வேகவைக்கப் பிடிக்கிற நேரமும் பிராய்லர் தலைமுறைக்குத் தெரியாது. ஓடியாடி உழைத்த தசையில்தான் ருசி. ஆனால் அந்த ருசி பொறுமையாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

இந்தச் சமையலுக்கு ஜூலியஸ் சீசர் வரைக்கும் போகிற ஒரு கதை உண்டு. கால் நாட்டுத் தலைவன் ஒருவன் சீசருக்கு வம்புக்கென்றே ஒரு முரட்டுச் சேவலை அனுப்பினானாம். சீசர் அதை ஒயினில் வேகவைத்து, அனுப்பியவனையே விருந்துக்கு அழைத்தானாம். கேட்க நன்றாக இருக்கிறது. நம்பத்தான் ஆதாரம் இல்லை. சமையல் புத்தகங்களில் இந்தப் பெயர் பரவலாக வந்ததே 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் அது பண்ணை வீட்டுச் சமையல். அதை யாரும் எழுதி வைக்க நினைத்திருக்க மாட்டார்கள்.

உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் பெரிய பங்கு ஓர் அமெரிக்கப் பெண்மணிக்கு. ஜூலியா சைல்ட் பாரிஸில் சமையல் படித்தவர். இரண்டு பிரெஞ்சுத் தோழிகளோடு சேர்ந்து அவர் எழுதிய பிரெஞ்சுச் சமையல் புத்தகம் 1961ல் வந்தது. மறுவருடம் பாஸ்டன் கல்வித் தொலைக்காட்சிக்காகச் சோதனைக்கு எடுத்த நிகழ்ச்சிகளில் ஒன்றே இந்தச் சேவல் சமையல்தான். நிகழ்ச்சி முடிவில் அவர் உயர்த்திப் பிடிக்கிற கண்ணாடிக் கோப்பையில் பல சமயம் ஒயினே இருந்ததில்லை. குழம்புக்கு நிறம் கொடுக்கிற கறுப்புத் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றி வைத்திருப்பார்கள். கல்வித் தொலைக்காட்சியில் அவ்வளவுதான் வசதி.

ஆறு பேருக்குச் செய்ய ஒன்றரைக் கிலோ கோழி வேண்டும். தொடை, கால் துண்டுகளாக இருந்தால் நல்லது, நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். இனிப்பில்லாத சிவப்பு ஒயின் ஒரு பாட்டில், அதாவது 750 மி.லி. பட்டன் காளான் கால் கிலோ. உரித்த சின்ன வெங்காயம் இருபதுக்கு மேல். ஒரு கேரட், ஒரு பெரிய வெங்காயம், நாலு பல் பூண்டு. தைம், பார்ஸ்லி, ஒரு இலை. அது லாரல் மரத்து இலை. நம் கடையில் கிடைக்கும் பிரிஞ்சி இலை வேறு மரத்துடையது, அதன் வாசனையில் பட்டையின் சாயல் இருக்கும். போட்டால் குற்றமில்லை, வாசனைதான் மாறும். பன்றிக்கறியான பேக்கன் 100 கிராம் சேர்ப்பது பிரெஞ்சு வழக்கம். வேண்டாதவர்கள் வெண்ணெய், எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாட்டுச் சேவல் கிடைத்தால் ஒயினில் ஒரு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறட்டும். ஆறேழு வாரத்தில் வளர்ந்த பிராய்லருக்கு அவ்வளவு தேவையில்லை. ஒன்றிரண்டு மணி நேரமே போதும், ஊறவைக்காமலும் செய்யலாம். ஊறவைத்த ஒயின் பச்சைக்கறி பட்டது, அதைக் கொதிக்கவிடாமல் எதிலும் சேர்க்கக் கூடாது.

அடுத்த வேலையில்தான் பாதிப் பேர் அவசரப்படுகிறார்கள். ஊறிய கறியை எடுத்ததும் அப்படியே வாணலியில் போட்டால் அது வறுபடாது, வெந்நீரில் வேகிற மாதிரி வெளுத்துக் கிடக்கும். ஒவ்வொரு துண்டையும் துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி ஈரத்தை எடுத்த பிறகே கொழுப்பில் போட வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டாமல் இரண்டு மூன்று தவணையாக, தோல் பொன்னிறமாகும் வரை விட வேண்டும். அடியில் பிடித்திருக்கும் பழுப்புப் படிவு கரிந்ததல்ல. ஒயின் ஊற்றிச் சுரண்டும்போது அது கரைந்து குழம்பில் இறங்கும். பாதி ருசி அதில் இருக்கிறது.

பாத்திரத்தையும் பார்க்க வேண்டும். ஒயின் புளிப்பானது. வெறும் அலுமினியச் சட்டியிலும் பழக்காத இரும்பிலும் கொதித்தால் உலோக வாடை ஏறும், நிறமும் கறுக்கும். பிரான்ஸில் இதற்கு எனாமல் பூசிய கனமான வார்ப்பிரும்புப் பாத்திரம் வைத்திருப்பார்கள். நம் வீட்டில் அடி கனமான எவர்சில்வர் போதும். மண்சட்டியும் கைவிடாது. குக்கர் வேண்டாம். மூடியைப் பூட்டிவிட்டால் குழம்பும் சுண்டாது, ஒயினில் இருக்கும் ஆல்கஹாலும் வெளியே போக வழியில்லை.

வறுத்த கறியின் மேல் கொஞ்சம் பிராந்தி ஊற்றித் தீப்பற்ற வைப்பதும் உண்டு. டி.வி.யில் பார்க்க அழகாக இருக்கும். வீட்டில் மேலே சிம்னி ஓடிக்கொண்டிருக்க, பாட்டிலிலிருந்தே நேராக ஊற்றினால் தீ மேலேறி பாட்டிலையே பிடிக்கலாம். ருசிக்கு அது இல்லாமல் ஒன்றும் குறைந்துவிடாது. விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

நறுக்கிய வெங்காயம், கேரட், பூண்டை வதக்கி, ஒயினும் ஒரு கப் கோழி சூப்பும் ஊற்றி, மூலிகைகளைக் கட்டிப் போட்டு, கறியை மீண்டும் இறக்கி மெல்லிய தீயில் வைக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் முட்டை முட்டையாக வந்தால் போதும். பிராய்லருக்கு 35லிருந்து 45 நிமிடம். கிழச் சேவலுக்கு இரண்டு மணி நேரம், அதற்கு மேலும் ஆகலாம். உழைத்த தசையைக் கட்டிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் மெதுவாகக் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. கறி மெதுவாவதும் குழம்பு உதட்டில் ஒட்டுவதும் அதனால்தான். எந்தக் கோழியானாலும் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியிருக்க வேண்டும்.

காளானைக் கறியோடு சேர்த்து வேகவிடுவது பெரிய தவறு. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். குழம்பில் போட்டால் ரப்பர் மாதிரி கிடக்கும். தனி வாணலியை நன்றாகச் சூடாக்கி, வெண்ணெயில் நெருக்காமல் பரப்பி வதக்க வேண்டும். முதலில் தண்ணீர் விடும். அது வற்றிய பிறகுதான் சிவக்கும், உப்பு அப்போதுதான். சின்ன வெங்காயத்தையும் தனியே வதக்கி, கொஞ்சம் சூப் விட்டு வேகவைத்துக்கொள்ளலாம். இரண்டும் கடைசிப் பத்து நிமிடத்தில் குழம்பில் சேரும். மழைக்காலத்தில் வரப்போரம் முளைக்கிற காளானைப் பறித்து இதில் போட்டுப் பார்க்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், வேண்டவே வேண்டாம். விஷக்காளானை வேகவைத்தாலும் விஷம் போகாது. கடைக் காளான் போதும்.

குழம்பு நீர்க்க இருந்தால், மெதுவான வெண்ணெயும் மைதாவும் இரண்டிரண்டு ஸ்பூன் பிசைந்து சிறிது சிறிதாகக் கரைத்துக் கொதிக்கவிட்டால் கெட்டியாகும். பழைய நாளில் சேவலின் ரத்தத்தைச் சேர்த்துக் கெட்டியாக்கினார்கள்.

செய்முறை இவ்வளவுதான். பந்தியில் உட்காருகிறவர்களைப் பற்றித்தான் இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

'கொதித்தால் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிவிடும்' என்று ஹோட்டல்காரர்களும் சொல்கிறார்கள், வீட்டிலும் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. அமெரிக்க விவசாயத் துறையின் பட்டியல்படி, உணவில் கலந்து கொதிக்கவிட்டால் 15 நிமிடத்துக்குப் பிறகு 40 சதவிகிதம் மிச்சமிருக்கும். அரை மணி நேரத்தில் 35, ஒரு மணி நேரத்தில் 25, இரண்டு மணி நேரம் ஆனாலும் 10 சதவிகிதம். தீப்பற்ற வைக்கிற வித்தையில் 75 சதவிகிதம் அப்படியே இருக்கிறது. தண்ணீரோடு கலந்த ஆல்கஹால் தனியாகப் பிரிந்து ஓடிவிடுவதில்லை, இரண்டும் சேர்ந்துதான் ஆவியாகின்றன.

வீட்டுக் கணக்காகப் போட்டால் இன்னும் தெளிவாகும். 13 சதவிகித ஒயின் ஒரு பாட்டிலில் சுமார் 97 மி.லி. ஆல்கஹால். ஒரு மணி நேரம் கொதித்த பிறகு 24 மி.லி. மிச்சம். ஆறு தட்டுக்குப் பிரித்தால் தட்டுக்கு 4 மி.லி. இரண்டு மேசைக்கரண்டி ஒயினை அப்படியே குடித்ததற்குச் சமம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பந்தியில் எல்லோரும் அப்படி இருப்பதில்லை. எதிரே ஏழு வயதுப் பேரன் உட்கார்ந்திருப்பான். மூன்று மாதக் கர்ப்பத்தை இன்னும் யாரிடமும் சொல்லாத மருமகள் இருப்பாள். மார்க்கத்தால் மது தொடாத நண்பர் இருப்பார். குடியை விட்டு ஆறு மாதமான சித்தப்பா இருப்பார். குடியை நிறுத்த டைசல்ஃபிரம் என்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சாஸில் இருக்கிற சிறிதளவே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரை கொண்டுபோகும். மாத்திரை இல்லாதவருக்கும் அந்த வாசனையே சோதனையாக இருக்கலாம். 'கொஞ்சூண்டுதானே' என்று சொல்லாமல் பரிமாறுவது விருந்தோம்பலில் சேராது.

குறைக்க வழி இருக்கிறது. கறி சேர்ப்பதற்கு முன்பே ஒயினை வாய் அகலமான பாத்திரத்தில் திறந்தபடி கொதிக்கவிட்டுப் பாதியாகச் சுண்டவைத்தால் பெரும்பகுதி போய்விடும். குறைந்த அளவுக்குச் சூப்பை ஊற்றிக்கொள்ளலாம். அப்போதும் துளிகூட இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

துளியும் கூடாது என்றால் ஒயினையே விட்டுவிட வேண்டியதுதான். புதிதாகப் பிழிந்த கறுப்புத் திராட்சைச் சாறு ஒரு கப், கோழி சூப் இரண்டு கப், புளிப்புக்கு எலுமிச்சை. சாறு அதிகமானால் குழம்பு பாயசமாகிவிடும், ருசி பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு மணம் நிறைய, நிறமும் கிடைக்கும், கொட்டையோடு நசுக்காமல் பிழிந்தால் கசக்காது. டைசல்ஃபிரம் சாப்பிடுகிறவர் இருந்தால் வினிகரும் வேண்டாம். பர்கண்டிக்காரர்கள் இதைக் கோக் ஓ வேன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனாலென்ன, கோழிக்கும் காளானுக்கும் பேர் வேறு வைத்துக்கொள்ளலாம்.

பிரான்ஸுக்குள்ளேயே ஊருக்கு ஊர் பேர் மாறத்தான் செய்கிறது. அல்சாஸில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினும் கிரீமும் சேர்த்து வெளிர் மஞ்சளாகச் செய்வார்கள். ஜுரா மலைப் பக்கம் மஞ்சள் ஒயினும், தேன்கூடு மாதிரித் துளைகள் உள்ள மொரெல் காளானும். அந்தக் காளான் விலைக்கு இங்கே ஒரு குட்டி ஆடே வாங்கிவிடலாம் போல.

தொட்டுக்கொள்ள வேகவைத்த உருளைக்கிழங்கோ ரொட்டியோ அங்கே வழக்கம். சோற்றுக்கும் நன்றாகவே சேரும். மிஞ்சினால் மறுநாளைக்கு இன்னும் ருசி. ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே உறைந்து நிற்கும். அதை வழித்து எடுத்துவிட்டு, குழம்பு நன்றாகக் கொதிக்கும் வரை சூடாக்கி, காளான் யாருக்கு எத்தனை என்று எண்ணிப் பரிமாறலாம்.