கோபுரத்தின் உயரம் மட்டும் போதுமா?

மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் வாசலில் ஒருநாள் நின்றிருந்தேன். வெளிநாட்டுப் பயணிகள் சிலருக்கு வழிகாட்டி ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். இராஜகோபுரம் 108 அடி, சிற்பங்கள் 1,008, மாசிமகத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும். யாவும் சரியே. 1983 ஜூலையில் இக்கோவிலுக்குத் தீ வைக்கப்பட்டதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஏன் என்று தனியே கேட்டேன். "பழசையெல்லாம் எதுக்குங்க ஐயா கிளறணும்?" என்றார்.

அங்கிருந்து வடக்கே மூன்று கிலோமீற்றர் அளவில் அலுவிகாரை. பாளி திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் ஏறிய இடம். 1848 மாத்தளைக் கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியப் படையினர் அவ்விகாரையைச் சிதைத்து ஏடுகளையும் அழித்தனர். இதைச் சொல்லாத வழிகாட்டி அங்கு இல்லை, சொல்லத்தான் வேண்டும். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தீயைப் பேசுவது வரலாறாம். நம் வயதுக்காரர் கண்ணால் கண்ட தீயைப் பேசுவது கிளறலாம்! இது எந்த ஊர் நியாயம்?

எரிந்தது எது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே காடு கடந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். அந்த நடையின் முடிவில் இருந்தது மாத்தளை. மரத்தடியில் வைத்து வணங்கிய அம்மனுக்கு 1874இல் கோவில் எழுந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பொருள் தந்தார்கள். மலையகத் தமிழரின் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணமும் மாத்தளையில்தான் நிறைவுற்றது.

மீண்டும் கட்டியெழுப்பியதே போதிய பதில் என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். கட்டியவர்களை வணங்குகிறேன். ஆயினும் அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் ஒரு சிறுவனுக்கு, சிங்களச் சிறுவனாயினும் தமிழ்ச் சிறுவனாயினும், அது எதைச் சொல்லும்? பிரான்சில் ஒராதூர் என்ற சிற்றூரில், 1944 ஜூன் 10 அன்று நாசிப் படையினர் பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துள் அடைத்துக் கொன்றனர். புதிய ஊரைப் பக்கத்தில் கட்டினார்கள். கருகிய தேவாலயத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். அந்த முடிவு அரசின் முடிவு.

நமக்கு இடிபாடு வேண்டாம். அம்மனுக்கு நாள்தோறும் பூசை நடக்கவேண்டும். அறங்காவலர்களையும் குறை கூறேன். அயலாருடன் நாளையும் வாழவேண்டியவர்கள் அவர்கள். கேட்கவேண்டியது அரசை. 1981 முதல் 1984 வரையிலான இனவன்முறைகளை ஆராய 2001இல் ஓர் உண்மை ஆணைக்குழு அமைந்தது. 2004இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க கறுப்பு ஜூலைக்காக மன்னிப்புக் கோரினார். சொன்ன சொல் காற்றோடு போகாதிருக்க ஒரு கல் வேண்டாமா? அரசின் செலவில், அரசின் பெயரில், பயணிகள் பேருந்து வந்து நிற்கும் வீதியோரத்தில், முதலில் சிங்களத்தில், பிறகு தமிழிலும் ஆங்கிலத்திலும்: இக்கோவில் 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது, காக்கவேண்டிய அரசு காக்கவில்லை.