வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும்?

(இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளைப் படமெடுக்க நம் விலங்கியல் நண்பர்கள் சிறிய காமிரா ஒன்று வாங்க எண்ணியிருக்கிறார்கள். காமிராவைப் பற்றிச் சண்டையில்லை. அதற்கான வெளிச்சத்தைப் பற்றித்தான் விடுதியில் இரவெல்லாம் வாதம். காமிராவிலேயே பிளாஷ் இருக்கும்போது தனி விளக்கு எதற்கு என்பது ஒரு கட்சி. வாங்குவதென்றால் அதிக சக்தியுள்ள ஸ்ட்ரோப் விளக்கையே வாங்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி. இரு கட்சியிலும் நான் இல்லை.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே அதன் பெரும்பகுதி போய்விடும். விளக்கின்றி எடுத்தால் எல்லாம் நீலப் பச்சைதான். 2010, 2016 ஆண்டுகளில் அந்தக் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. வெளுப்பைப் பதிவு செய்யப் போகிற படத்தில் நிறமே பொய் சொன்னால் அதனால் யாருக்கு என்ன பயன்?

காமிராவின் சொந்த பிளாஷோ லென்சை ஒட்டியே இருக்கிறது. கலங்கிய நீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் அந்த ஒளியை நேரே லென்சுக்குத் திருப்பி அனுப்பும். மார்கழி மூடுபனியில் பஸ் டிரைவர் முகப்பு விளக்கை உயர்த்திப் போட்டால் என்ன தெரியும்? வெள்ளைத் திரைதான். ஆகவே விளக்கு ஒரு நீண்ட கையின் நுனியில், பக்கவாட்டில், சற்று வெளிப்புறம் திரும்பி நிற்க வேண்டும். ஒளியின் ஓரம் மட்டும் பவளத்தைத் தொட்டால் போதும். அந்தக் கைக்குக் கொடுக்கும் காசு வீணல்ல.

இனி சக்தி. தொலைவு இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாகும் என்று படித்திருக்கிறோம். தண்ணீரில் நிலைமை இன்னும் மோசம். ஒரு மீட்டரில் உள்ள பொருளுக்கு ஒளி போக ஒன்று, வர ஒன்று என இரண்டு மீட்டர் நீரைக் கடக்கிறது. சக்தியைக் கூட்டி இதை வெல்ல முடியாது. நெருங்கித்தான் வெல்ல வேண்டும். நெருங்குகிறவருக்கு இனான் எஸ்-2000 போன்ற, வழிகாட்டி எண் 20 உள்ள சிறு விளக்கே தாராளம். நாலு பென்டார்ச் செல்லில் எரியும். 1893-இல் பிரான்சில் லூயி பூத்தான் ஒரு பீப்பாயின் மேல் சாராய விளக்கை வைத்து, மக்னீசியத் தூளை ஊதியல்லவா கடலடியில் வெளிச்சம் உண்டாக்கினார்!

கடையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சிறிய காமிராக்கள் பலவற்றில் ஸ்ட்ரோப்புக்கு மின்கம்பி செருக இடமே கிடையாது. காமிரா பிளாஷின் மினுக்கை ஒளியிழை ஒன்று சுமந்து சென்று ஸ்ட்ரோப்பை எழுப்புகிறது. ஆனால் காமிரா, ஒளியை அளக்க முதலில் ஒரு பொய் மினுக்கு மினுக்கும். அதைப் புரிந்துகொள்ளாத ஸ்ட்ரோப் அப்போதே முழு ஒளியையும் கொட்டிவிட்டு, படம் விழும் நேரத்தில் கண்மூடி நிற்கும். நம் காமிராவின் முன்மினுக்கோடு இது ஒத்துப்போகுமா என்பதைக் கையோடு கொண்டுபோய்ச் சோதித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

முதல் படங்களை விடுதிக் கிணற்றில் எடுத்துப் பார்க்கலாம். அங்கும் கலங்கலுக்குக் குறைவில்லை.