சுருட்டுக்கு ஜாடி எதற்கு?

ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி என்றால் எல்லோருக்கும் புரியும். கியூபாவில் சுருட்டையும் ஜாடியில் அடைத்து விற்கிறார்கள் என்றால் சிரிப்பு வரும். ஆனால் உண்மை! ஹவானா சுருட்டுகள் பெரும்பாலும் மரப்பெட்டியில் வரும். சில சிறப்பு வெளியீடுகள் மட்டும் பீங்கான் அல்லது கண்ணாடி ஜாடியில் வரும். சேகரிப்பவர்கள் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

கொடுக்கலாமா?

சுருட்டி முடித்த பிறகும் புகையிலை மெல்லப் புளித்துக்கொண்டுதான் இருக்கிறது. அப்போது அம்மோனியா வெளியேறும். செடார் மரப்பெட்டி அதை வெளியே விடும், கூடுதல் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். இறுக மூடிய ஜாடி இரண்டையும் செய்யாது. அதனால்தான் மணம் பல வருடம் தங்குகிறது என்பது ஜாடிக் கட்சியின் வாதம். நியாயம்தான். ஆனால் அடைக்கும்போதே ஈரம் சரியாக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 75-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கலாம். கண்ணாடி ஜாடியில் வெளிச்சம் வேறு பட்டு மேல் இலை வெளுக்கும். அந்த வகையில் பீங்கானே மேல்.

சிக்கல் வியாபாரத்தில் இருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்து வாங்கலாம். ஜாடியின் முத்திரையை உடைத்தால் விலை இறங்கிவிடும். உடைக்காவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது. பத்து வருடம் கழித்துத் திறந்தால் வண்டு துளைத்த பொடி கிடக்கலாம். அப்போது யாரிடம் போய்க் கேட்பது?

சுருட்டைப் பக்குவப்படுத்துவது குளிர்ச்சியும் இருட்டும் மாறாத ஈரமும்தான். சாதாரணப் பெட்டியே போதும். ஜாடிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு அழகுக்கு மட்டுமே.

இன்னொன்று: எத்தனை வருடம் வைத்தாலும் காரம்தான் குறையும், புகையின் கேடு குறையாது.